வினோ கொண்டுபோன இருபது தோட்டாக்கள்

உருகிய ஈயமும் தேன்மெழுகும் கலந்த ஒரு மணம்... உங்களில் பலருக்குத் தெரிந்திருக்காது. சுவிஸில், பீல் நகருக்கு வெளியே எங்கள் தோட்டக் குடிசையில், தக்காளிக் கன்றுகளுக்குப் பக்கத்தில், அப்போது எந்நேரமும் அந்த மணம்தான்.

ஓம், நானேதான். ஊர்ச் சண்டையில் துவக்குச் சத்தத்துக்குப் பயந்து ஓடி வந்தவன், இங்கே இருந்து துவக்குக்கு ஈயச் சன்னம் வார்த்தேன். சிரிக்கிறவர்கள் சிரியுங்கள்.

எல்லாம் மகள் வினோவால் வந்தது. இலங்கைப் பாஸ்போர்ட்டோடு இங்கே துவக்கைத் தொடவே விடமாட்டார்கள். எங்களுக்குச் சுவிஸின் சிவப்புப் பாஸ்போர்ட் கிடைத்ததும் அவள் முதலில் செய்த வேலை, ஒரு சுடும் சங்கத்தில் சேர்ந்தது. பழைய சுவிஸ் இராணுவத் துவக்கு ஒன்றும் வாங்கினாள். மனைவி மூன்று நாள் அவளோடு கதைக்கவில்லை. பிள்ளை எங்கே போகிறாள் என்று பார்க்கப் பின்னால் போன நான்... நானும் சேர்ந்துவிட்டேன்.

நாங்கள் முதல் வார்த்த சன்னங்கள் இலக்குத் தாளில் பக்கவாட்டாகப் போய்க் குத்தின. ஈயம் மெத்தென்று இருந்ததாம். வெள்ளீயம் கலந்தோம். அச்சை இன்னும் சூடாக்கினோம். வெடிமருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, ஒவ்வொரு அளவுக்கும் ஐந்து வெடி வைத்து, கொப்பியில் எழுதினோம். மருந்து அளப்பது என் வேலை. மணிக்கூட்டுத் தொழிற்சாலையில் இருபது வருடம் திருகாணி பூட்டிய கை என்று அவளுக்கு அப்படி ஒரு நம்பிக்கை.

"அப்பா அளந்தா நான் திருப்பிப் பாக்கவே தேவையில்லை" என்பாள்.

அந்த வெள்ளிக்கிழமை பின்னேரம், இருபது வெறும் தோட்டாக் கோதுகளைப் பலகையில் நிறுத்தி மருந்து போட்டுக்கொண்டிருந்தேன். வினோ வெளியே தக்காளிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள். பத்தாவதோ பதினோராவதோ... போன் அடித்தது. ஊரிலிருந்து அண்ணை.

எங்கள் ஆட்களுக்கு விளக்கத் தேவையில்லை. ஊர் நம்பர் என்றால் குளியலறையில் நின்றாலும் எடுப்போம். சண்டைக் காலத்துப் பழக்கம். ஒரு அழைப்பைத் தவறவிட்டு, மறுநாள் செத்தவீட்டுச் செய்தி கேட்டவன் நான்.

"தம்பி, கிணத்து மோட்டர் எரிஞ்சு போச்சடா."

அவ்வளவுதான் விசயம். கால்மணி நேரம் மோட்டரைப் பற்றிக் கதைத்துக் கதைத்தே மிச்சக் கோதுகளுக்கும் மருந்து போட்டேன். சன்னங்களைப் பூட்டிப் பெட்டியில் வைத்தேன்.

மறுநாள் எனக்கு மேலதிக வேலை. வினோ பெட்டியோடு தனியாகச் சுடப் போய்விட்டாள். பத்து மணி இருக்கும். பக்கத்து மேசைக்காரி திருகாணிகளை எண்ணிக்கொண்டிருந்தவள், "ஐயோ, எதில விட்டேன்?" என்று தன்பாட்டில் கேட்டாள்.

நேற்று அண்ணையின் போன் வந்தபோது... நான் எதில் விட்டேன்?

ஈயச் சன்னத்துக்கு மருந்து கொஞ்சம்தான். பாதிக் கோதுகூட நிரம்பாது. அதே கோதுக்குள் இரண்டாம் தரம் போட்டாலும் வழியாது. அதற்காகத்தான் கடைசியில் டோர்ச் அடித்து ஒவ்வொன்றாகப் பார்ப்பது. அன்று நான் பார்க்கவில்லை. இரட்டை மருந்து என்றால் துவக்கே சிதறும்... அவளுடைய கன்னம் அந்தத் துவக்கில் ஒட்டியிருக்கும்.

அவளுக்குப் போன் எடுத்தேன். அடிக்கிறது, அடிக்கிறது... காதுக்குக் காப்பு மாட்டியிருப்பவளுக்கு எப்படிக் கேட்கும்? சங்கத்தில் வேறு யாருடைய நம்பரும் என்னிடம் இல்லை.

மேலாளரிடம் "மகள்" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்தேன். மேட்டுப் பாதை. ஏறும்போதே வெடிச்சத்தம் கேட்டது. ஒவ்வொரு சத்தத்துக்கும் இதுதானோ, இதுதானோ என்று இருந்தது. பிறகு சத்தம் நின்றது... அது அதைவிட மோசம். முருகா, முருகா என்று மிதித்தேன்.

வாசலில் நின்றாள். முழுசாக. கையில் இலக்குத் தாள்.

"அப்பா! அஞ்சும் ஒரே இடத்தில, பாருங்கோ! உங்களுக்குக் காட்டவெண்டுதான் நிப்பாட்டினனான்."

ஐந்து ஓட்டைகளையும் ஒரு ஐந்து பிராங் நாணயத்தால் மூடியிருக்கலாம். எனக்கு அதைப் பார்க்கவே முடியவில்லை.

"மிச்சம் எங்க?"

"பெட்டியில. ஏனப்பா, முகம் ஒரு மாதிரிக் கிடக்கு?"

"ஒண்டுமில்லைப் பிள்ளை. சின்னச் சந்தேகம். திருப்பிப் பாக்கவேணும்."

குடிசையில் தனியாக இருந்து பதினைந்தையும் கழற்றினேன். வார்த்த சன்னம் ஒவ்வொன்றும் ஒவ்வொரு நிறை, அதனால் முழுத் தோட்டாவை நிறுத்துப் பயனில்லை. ஒவ்வொன்றாகத் தட்டிக் கழற்றி, மருந்தைத் தராசில் கொட்டினேன். பன்னிரண்டாவதாகக் கழற்றிய கோதிலிருந்து மருந்து கொட்டிக்கொண்டே இருந்தது. சரியாக இரண்டு மடங்கு.

நிலத்தில் குந்தி இருந்து அழுதேன்.

"எல்லாம் சரியே அப்பா?" என்று பின்னேரம் கேட்டாள்.

"ஓம், எல்லாம் சரி."

பொய். என் கையை இனி நம்பமாட்டாள் என்ற பயம். வெட்கமும்தான்.

அதன் பிறகு மருந்தைத் தொடும் நாட்களில் போனை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனேன். காரணம் அவள் கேட்கவில்லை, நான் சொல்லவுமில்லை.

இப்போது வினோ கலியாணம் முடித்து ஓல்டனில் இருக்கிறாள். அச்சும் தராசும் அவளோடு போய்விட்டன. குடிசையில் தக்காளி மணம் மட்டும்தான். அண்ணை வாட்ஸ்அப்பில் பூப்படத்தோடு காலை வணக்கம் அனுப்புகிறார், போன் அடித்தால் யாரும் பதறுவதில்லை. நல்ல காலம்தான். ஆனாலும் அவளும் நானும் அந்தச் சின்ன மேசையில் முட்டிக்கொண்டு இருந்த நாட்களை நினைத்தால் மனம் ஒரு மாதிரித்தான் இருக்கிறது...

போன கிழமை சும்மா அவளுக்கு எடுத்தேன். முதல் மணியிலேயே எடுத்தாள்.

"சொல்லுங்கோ அப்பா. ஸ்பீக்கரில போட்டிருக்கிறன். மருந்து போட்டுக்கொண்டிருக்கிறன், நீங்கள் கதையுங்கோ."

"நிப்பாட்டு பிள்ளை! அப்பிடியே நிப்பாட்டு!"

"ஏன் கத்துறீங்கள்?" என்று சிரித்தாள். "நீங்கள் பெரியப்பாவோட மோட்டர்க் கதை கதைச்சுக் கதைச்சு அளந்ததுதானே எங்கட திறமான வெடி? அந்தத் தாளை இப்பவும் சுவரில ஒட்டி வைச்சிருக்கிறன்."



"வினோ... அதில ஒண்டு இரட்டை மருந்து."

 மறுபக்கத்தில் கோதுகளைக் கவிழ்த்து மருந்தைத் திரும்பக் கொட்டுவது கேட்டது... ஒவ்வொன்றாக.