பின்சக்கரத்துச் சத்தம்

முதலில் அந்தச் சத்தத்துக்கு நான் சாலையைத்தான் குறை சொன்னேன். கண்டெய்னர் லாரிகள் ஓடி ஓடி எண்ணூர்ப் பக்கம் தார் பெயர்ந்து கிடந்த காலம் அது. ஆனால் மணலி புதுநகர் அருகே புதிதாகத் தார் போட்ட இடத்திலும் சத்தம் நிற்கவில்லை. பின்சீட்டுக்கு அடியிலிருந்து 'ஊங்' என்று ஒரு முனகல். வேகம் கூடினால் கூடும், குறைந்தால் குறையும்.

கார் என் தம்பியுடையது. அவன் சரக்குக் கப்பலில் எஞ்சின் ரூம் ஃபிட்டர். கடைசியாகக் கப்பலிலிருந்து இறங்கி வந்தபோது, ராயபுரத்தில் ஒருவரிடமிருந்து அந்தப் பழைய சின்னக் காரை வாங்கினான். திருவொற்றியூர் வீட்டில் அம்மா, நான், அவன், மூன்று பேர்தான். எனக்கு மணலியில் ஒரு கண்டெய்னர் யார்டு அலுவலகத்தில் கிளார்க் வேலை. பஸ் லாரிகளுக்கு நடுவே மாட்டிக்கொள்ளும் என்பதால் காலையில் அவனே என்னைக் கொண்டுபோய் விடுவான்.

வழக்கமாகச் சில மாதம் வீட்டில் இருப்பான், பிறகு கம்பெனியிலிருந்து அழைப்பு வரும், பெட்டியைக் கட்டுவான். அந்த முறை அழைப்பு வந்ததாகத் தெரியவில்லை. மாடிக்குப் போவான், இறங்கி வருவான். செல்போனை எடுத்துப் பார்ப்பான், சார்ஜில் போடுவான், மறுபடி எடுப்பான். திடீரென்று சட்டையை மாட்டிக்கொண்டு பாரிமுனையில் இருக்கும் ஏஜெண்ட் ஆபீசுக்குக் கிளம்புவான். திரும்பி வந்தால் முகத்தைப் பார்க்க முடியாது.

"இன்னாடா நைனா, கப்பக்காரன் கூப்ட்டானா?" என்பார் அம்மா.

"கூப்டுவான்மா. அதே கேள்விய எத்தினி வாட்டி கேப்ப?"

அவன் அலைச்சல் எனக்கும் தொற்றிக்கொண்டது. அலுவலகத்தில் நாற்காலியில் உட்கார்ந்தால் அந்த முனகல் காதுக்குள் ஓடும். சக்கரம் கழன்று போகும், நாங்கள் லாரிக்கு அடியில் போவோம் என்றெல்லாம் நினைப்பு வரும். மறுநாள் காரில் ஏறியதும் சொல்வேன். அவன் பாட்டை இன்னும் சத்தமாக வைப்பான்.

"பின்னால சத்தம் வருதுடா."

"ஒண்ணியும் இல்லக்கா. டயரு தேஞ்சிருக்கும்."

"எஞ்சின் ரூம்ல வேல பாக்கிறவன் நீ. ஒனுக்குக் கேக்கலியா?"

"கேக்குது, கேக்குது. அத்த வுடு."

கேட்கிறது என்று சொன்னவன் காரை ஒரு நாளும் கழற்றிப் பார்க்கவில்லை. அதுதான் எனக்குப் புரியவில்லை. கப்பலிலிருந்து வந்தால் வீட்டு மிக்சியைக்கூட விடாமல் பிரித்துப் போட்டுப் பார்க்கிறவன் அவன்.

ஒரு காலை எண்ணூர் விரைவுச் சாலையில் போய்க்கொண்டிருந்தோம். வலது பக்கம் கடல், இடது பக்கம் வரிசை கட்டி நின்ற லாரிகள். முனகல் அன்று உறுமலாகவே மாறியிருந்தது. தரையில் வைத்திருந்த என் கால்களில் அதிர்வு தெரிந்தது. எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. கையை நீட்டிப் பாட்டை நிறுத்தினேன்.

"இப்ப சொல்லு. கேக்குதா இல்லியா?"

"கேக்குது," என்றான்.

"அப்ப ஏன்டா இத்தன நாளா ஒண்ணும் பண்ணல?"

அவன் சாலையில் அடுத்த இடைவெளியில் வண்டியைத் திருப்பினான். கடல் பக்கமாகக் கற்கள் கொட்டியிருந்த இடத்தில் காரை ஒதுக்கினான். எஞ்சினை அணைத்தான். இரண்டு கையையும் ஸ்டியரிங் மேலேயே வைத்திருந்தான்.

"இப்பவும் கேக்குதுக்கா," என்றான்.

எனக்குப் புரியவில்லை. கார் நின்றுவிட்டது. அலை கற்களில் மோதும் சத்தமும் லாரி ஹாரனும் தவிர வேறெதுவும் இல்லை.

"இன்னா கேக்குது?"

"அதே சத்தந்தான். ஊங்குனு. எனுக்கு நிக்கிறதே இல்ல. கப்பல்லேருந்து எறங்கனதுலேருந்து காதுக்குள்ள ஓடிகினே கீது. நீ சத்தம்னு சொல்லும்போதெல்லாம் வண்டியோடதா என்னோடதான்னு எனுக்கே தெரியல. பாட்டப் போட்டா கொஞ்சம் அடங்கும்."

பிறகு மிச்சத்தையும் சொன்னான். கம்பெனி அழைத்திருக்கிறது. மருத்துவப் பரிசோதனைக்குப் போயிருக்கிறான். சின்ன அறையில் உட்காரவைத்து, காதில் ஒன்றை மாட்டி, சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

"எப்ப அமுக்கறதுன்னே தெரியலக்கா. எனுக்குத்தான் எப்பவும் கேட்டுகினே கீதே. பயந்துட்டு சொம்மா சொம்மா அமுக்கிட்டேன். வெளிய வந்ததும் டாக்டர் பேப்பரப் பாத்தாரு, என்னப் பாத்தாரு. கப்பலுக்குச் சரிப்படாதுன்னுட்டாரு."

பாரிமுனை போனதெல்லாம் இன்னொரு வாய்ப்புக் கேட்டு நிற்கத்தான். அவர்கள் தர மறுத்துவிட்டார்கள்.

தோளைத் தொடலாம் என்று கை போனது, பாதியில் எடுத்துக்கொண்டேன். எங்கள் வீட்டில் அப்படித் தொட்டுப் பேசிப் பழக்கமில்லை. "எனுக்குக் கேக்கிறது வண்டிச் சத்தந்தான்," என்று மட்டும் சொன்னேன். "அத மொதல்ல பாரு."

அவன் சட்டென்று இறங்கினான். யாராவது ஒரு வேலை சொல்ல மாட்டார்களா என்று காத்திருந்தவன் மாதிரி இருந்தது. முன்சக்கரத்துக்குக் கல் அண்டை கொடுத்துவிட்டு, ஜாக்கி வைத்துப் பின்பக்கத்தைத் தூக்கினான். ஒரு கையை உள்ளே விட்டு ஸ்பிரிங்கைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் இடது சக்கரத்தைச் சுழற்றினான். கண்ணை மூடியிருந்தான். வலது பக்கமும் அப்படியே செய்தான். பிறகு என் கையைப் பிடித்து அந்த ஸ்பிரிங் மேல் வைத்தான். சக்கரம் சுற்றச் சுற்ற, மணலை அம்மியில் வைத்து அரைப்பது போல விரல் நுனியில் நறநறத்தது.

"பேரிங் பூட்ச்சி," என்றான். "எடது பக்கம் நல்லா கீது. இதான் காலி. சக்கரம் மாட்டற ஹப்போடதான் மாத்தணும்."

அன்று அலுவலகத்துக்கு ஆட்டோவில் போனேன். அவன் காரை மெதுவாக உருட்டிக்கொண்டு வீடு திரும்பினான். டோல்கேட் பக்கம் ஒரு கடையில் புதிய ஹப் சொல்லி வைத்தான். அது வர நாளானது. அதுவரை வீட்டுக்கு வெளியே நின்ற காரைச் சுற்றிச் சுற்றி வந்தான். அம்மாவிடம் எதுவும் சொல்லக் கூடாது என்று என்னிடம் சொல்லியிருந்தான். சாப்பிடும்போது அம்மா கப்பலைப் பற்றிக் கேட்டால் நான் தட்டைப் பார்த்துக் குனிந்துகொள்வேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹப்போடு வந்தான். எங்கள் சந்தில் இடமில்லாததால் கடலோரமாக வலை காயப்போடும் வெற்றிடத்துக்குக் காரைக் கொண்டுபோனோம். பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று என்னையும் அழைத்திருந்தான். சக்கரம் சுலபமாக வந்தது. உள்ளே இருந்த பிரேக் டிரம் அசையவில்லை. அடித்தான், ஆட்டினான், திட்டினான். கதவு வழியாக எட்டிப் பார்த்தேன். ஹேண்ட்பிரேக் இழுத்தபடி இருந்தது.

"இத வுட வேணாமா?"

"அட, ஆமா." தலையில் அடித்துக்கொண்டான். "இன்னா ஆச்சி எனுக்கு?"

பிரேக்கை விட்டதும் டிரம் கழன்றது. நடுவில் ஹப்பும் அதைப் பிடித்திருந்த பெரிய நட்டும். கடல் காற்று அந்த நட்டை ஆக்ஸிலோடு ஒன்றாக்கியிருந்தது. கழன்றுவிடாமல் மடக்கியிருந்த அதன் விளிம்பை உளியால் நிமிர்த்தினான். ஸ்பேனரை மாட்டி, பிடியில் நீளக் குழாயைச் செருகி இரண்டு பேரும் தொங்கினோம். வண்டி ஜாக்கியில் லேசாக ஆடியதும் எனக்கு உயிர் போனது. "வேணாம்டா, மெக்கானிக் கைல குடுத்துடலாம்," என்றேன். அவன் நிறுத்தவில்லை. காதில் விழவில்லையா, விழுந்தும் விட்டுவிட்டானா என்று தெரியவில்லை. அன்றிலிருந்து எல்லாவற்றுக்கும் எனக்கு அந்தச் சந்தேகம் வந்தது.

ஜாக்கிக்குப் பக்கத்தில் மரக்கட்டைகள் அடுக்கி வண்டியை நிறுத்திவிட்டு மறுபடி முயன்றோம். நட்டு ஒரு கீச்சொலியோடு திரும்பியது. ஹப் அதன் பிறகும் வரவில்லை. மண்ணெண்ணெய் ஊற்றி, காத்திருந்து, சுத்தியலால் சுற்றிலும் தட்டினான். காத்திருப்பதுதான் அவனால் முடியவில்லை. எழுந்து தண்ணீர் வரை நடந்து போவான், திரும்பி வந்து ஒரு தட்டு, மறுபடி நடை. கடைசியில் அது கையோடு வந்தபோது மண்ணில் மல்லாந்து விழுந்தான். சிரித்தான். அந்த விடுப்பில் அவன் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

புதிய ஹப்பை ஆக்ஸிலைத் துடைத்து ஏற்றினான். நட்டும் புதிதுதான் போட வேண்டும் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். இறுக்கம் காட்டும் ஸ்பேனரை ஒரு தோஸ்திடம் இரவல் வாங்கி வந்திருந்தான். அவசரப்படாமல் முடுக்கி, நட்டின் விளிம்பை மடக்கி, டிரம்மையும் சக்கரத்தையும் மாட்டினான்.

காரை எடுத்துக்கொண்டு கத்திவாக்கம் வரை போனோம். பாட்டு போடவில்லை. வேகம் ஏற ஏற நான் பின்சீட்டுப் பக்கம் தலையைத் திருப்பிக் கேட்டேன். டயர் சத்தம், காற்று, அவ்வளவுதான்.

"போச்சா?" என்று கேட்டான்.

ஒரு லாரி கடந்து போகட்டும் என்று காத்திருந்தேன். "இன்னொரு வாட்டி ஓட்டு," என்றேன். திருப்பிக்கொண்டு வந்து மறுபடி ஓட்டினான்.

"போச்சு."

"நெஜமா சொல்லு. எனுக்காகச் சொல்லாத."

"நெஜமாத்தான்டா. ஒண்ணுமே இல்ல."

"செரி," என்றான். சாலையைப் பார்த்து ஓட்டினான்.

வீட்டுக்கு வந்ததும் காது விஷயத்தை அவனே அம்மாவிடம் சொன்னான். அம்மா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைக்காமல் முழுவதையும் கேட்டார்.

"அப்ப நான் கத்துறதுகூட ஒனுக்குக் கேக்கலியா?"

"அது மட்டும் நல்லாக் கேக்குதும்மா."

அம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்த வாரமே அவனைக் காது மருத்துவரிடம் இழுத்துக்கொண்டு போனார். அந்த இரைச்சல் போகாது, பழகிக்கொள்ள வேண்டியதுதான் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். தம்பி கப்பலை விட்டான். காசிமேட்டில் விசைப்படகு எஞ்சின் பாகங்கள் விற்கும் கடையில் கொஞ்ச நாள் இருந்தான், சண்டை போட்டுக்கொண்டு வந்தான். பிறகு எண்ணூரில் ஒரு பட்டறை, அதுவும் நிலைக்கவில்லை. கடைசியில் அந்தக் காரை விற்று வேறொன்று வாங்கி, வாடகைக்கு ஓட்ட ஆரம்பித்தான். ஓர் இடத்தில் உட்கார வேண்டியிராத வேலை என்பதால் அதில் மட்டும் நின்றான். சவாரிக்குக் கிளம்புமுன் எப்போதாவது என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து, தெருமுனை வரை ஒரு சுற்று ஓட்டி, "எப்டி கீது?" என்று கேட்பான். நான் நன்றாகக் கேட்டுவிட்டுத்தான் சொல்வேன்.