ஈடுபாட்டுக்கு இரண்டு மதிப்பெண்

பூதலூர்ப் பக்கம் ஓர் அரிசி ஆலையில் நான் மேலாளராக இருந்தேன். எங்கள் ஆட்களுக்கு வேலையில் ஈடுபாடு போதாது என்பதை முதலாளி ஒரு கல்யாணப் பந்தியில் கண்டுபிடித்தார். பக்கத்து இலைக்காரர் பயிற்சி வகுப்பு நடத்துகிறவராம். பாயசம் வருவதற்குள் தேதி குறித்தாகிவிட்டது.

பயிற்சி முடிந்ததும் ஒவ்வொருவருடைய ஈடுபாட்டுக்கும் பத்துக்கு இத்தனை என்று நான் மதிப்பெண் போட வேண்டும். அதைப் பார்த்துத்தான் யாரை நிரந்தரமாக்குவது என்று முதலாளி முடிவு செய்வார். நெல் அவிக்கிற அண்ணன் ஆறு வருஷமாக அந்த நிரந்தரத்துக்காகக் காத்திருந்தார்.

அன்று காலை நெல் மூட்டைகளைத் தள்ளி இடம் பண்ணி, பலூன் கட்டினோம். ஒருவர் விடாமல் வரவேண்டும் என்பது உத்தரவு. எல்லாரும் கைகோத்து வட்டமாக நின்றோம். கண்ணை மூடிக்கொண்டு ஆலையை நம் சொந்த வீடாக நினைக்கச் சொன்னார் பயிற்சியாளர். நான் நினைத்துப் பார்த்தேன், வீட்டில் இவ்வளவு தவிடு பறந்தால் மனைவி சும்மா விடமாட்டாள்.

என் பக்கத்தில் நின்ற அண்ணன் மட்டும் கண்ணை மூடவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு அவியல் தொட்டிப் பக்கமே பார்த்தார்.

"சார், வாசனை மாறுது. நெல்லு வாய் பொளக்குற நேரம். போய் ஆவிய நிறுத்திட்டு வந்துடறேங்க."

உமி லேசாக வாய் பிளந்ததும் ஆவியை நிறுத்திவிட வேண்டும். தாமதித்தால் அரிசி சிவந்துபோகும். எனக்கு அது தெரியும். முதலாளி எதிரே நிற்பதும் தெரியும்.

"அஞ்சே நிமிஷம்ண்ணே. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன், நில்லுங்க."

நின்றார். ஆனால் அஞ்சு நிமிஷம் தாங்கவில்லை, கையை உதறிவிட்டு ஓடினார். வட்டம் அறுந்தது.

"பாத்தீங்களா சார்? இந்த மாதிரி ஆளுங்களுக்காகத்தான் இந்தப் பயிற்சியே" என்றார் பயிற்சியாளர், வருத்தம் கலந்த புன்னகையோடு. முதலாளி தலையை ஆட்டினார். அண்ணன் ஓடியும் பிந்திவிட்டது, அந்தத் தொட்டி நெல் முழுக்கச் சிவந்துபோயிற்று.

சாயங்காலம் மதிப்பெண் போட்டேன். சாப்பாட்டுக்குப் பிறகு சாக்கின்மேல் தினமும் தூங்கும் எடைமேடைக்காரருக்குப் பத்து. பலூன் விளையாட்டில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. அண்ணனுக்கு இரண்டு. முதலாளி என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பயத்தில்தான் போட்டேன், அதற்கு வேறு பெயர் வைக்க மாட்டேன்.

அண்ணனுக்கு நிரந்தரம் இல்லை என்றாயிற்று. அடுத்த மாதமே திருவிடைமருதூர்ப் பக்கம் வேறு ஆலையில் சேரக் கிளம்பிவிட்டார். கடைசி நாள் விலகல் படிவத்தை அவர்முன் வைத்தேன். காரணம் என்ற இடத்தில் 'ஈடுபாடு குறைவு' என்று அலுவலகத்திலேயே அடித்து வைத்திருந்தார்கள். பேனாவை வாங்கியவர் சட்டென்று மூக்கை உறிஞ்சினார்.

"ஒரு நிமிஷம் இருங்க சார்."

பேனாவை வைத்துவிட்டு ஓடினார். ஆவியை நிறுத்தும் சத்தம் கேட்டது. ஒரு பிடி நெல்லோடு திரும்பி வந்து என் உள்ளங்கையில் கொட்டினார். சுட்டது. ஒவ்வொரு நெல்லும் அளவாக வாய் பிளந்திருந்தது.

"இந்தத் தொட்டி சரியா வந்துருக்கு, பாத்துக்குங்க" என்றவர் பேனாவை எடுத்தார். "கையெழுத்து எங்க சார் போடணும்?"