மச்சானின் சிங்கப்பூராப் பூனை

சிங்கப்பூரின் வீவக அடுக்குமாடி வீடுகளில் பூனை வளர்க்கலாம் என்று அனுமதி வந்த சில மாதங்களில், நான் ராத்தா என்று கூப்பிடும் என் அக்காவின் கணவர் சிங்கப்பூரா இனப் பூனை ஒன்றை வாங்கி வந்தார். லிட்டில் இந்தியாவில் கைத்தொலைபேசிக் கடை வைத்திருக்கும் மச்சானுக்குப் பூனை என்றாலே அருவருப்பு. ஆனால் வீட்டுக்கு வருகிறவர்களிடம் காட்ட ஏதாவது ஒன்று அவருக்கு எப்போதும் வேண்டும். அதற்கு முந்தின வருடம் மசாஜ் நாற்காலி.

பூனையைக் குறை சொல்ல மாட்டேன். கையளவு உடம்பு, குட்டை முடி, தந்த நிறத்தின் மேல் பழுப்பைத் தூவியது போன்ற மேனி, பாதி முகத்தை அடைத்துக்கொள்ளும் கண்கள். அதிகம் கத்தாது. ராத்தா சமைக்கும்போது தோளில் ஏறி உட்கார்ந்து சட்டிக்குள் எட்டிப் பார்க்கும். சோறு வைப்பதும் அது கழிக்கும் மண்தட்டைச் சுத்தம் செய்வதும் ராத்தாதான். மச்சான் அதைத் தொட்டதுகூட இல்லை.

பெருநாளன்று வீடு நிறைய ஆட்கள். பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு நடுவில் நின்று மச்சான் ஆரம்பித்தார்.

"இது நம்ம நாட்டுப் பூனை லா. லோங்காங்ல பொறந்த ஜாதி. வெள்ளைக்காரன் பாத்துட்டு அமெரிக்காவுக்குக் கொண்டு போனான். இன்னைக்கு வேர்ல்ட் ஃபேமஸ்!"

லோங்காங் என்றால் சாக்கடை. அங்கே இன்றும் படுத்திருக்கும் பூனைகளை இதே மனிதர் கார் நிறுத்துமிடத்தில் காலால் எத்தியதைப் பார்த்திருக்கிறேன். அவற்றுக்குத் தீனி வைக்கும் சீனப் பெண்மணியிடம் சண்டைக்கே போனவர்.

எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "அந்தக் கதையிலேயே சந்தேகம் இருக்கு மச்சான். அந்தப் பூனைங்க அமெரிக்காவிலேருந்துதான் இங்க வந்துச்சு, அதையே திரும்பக் கொண்டு போனாங்கன்னு அப்புறம் தெரிஞ்சுச்சாம். பர்மாப் பூனையும் அபிசீனியப் பூனையும் கலந்ததுன்னுகூடச் சொல்றாங்க."

"உனக்கு என்ன தெரியும்? என்கிட்ட சர்டிபிகேட் இருக்கு."

நான் பிரியாணித் தட்டுக்குத் திரும்பினேன்.

வருவோர் போவோருக்காக வாசல் கதவு திறந்தே கிடந்தது. சாயங்காலம் பார்த்தால் பூனையைக் காணோம். ராத்தா அழ ஆரம்பித்துவிட்டாள். மச்சான் வேகமாகக் கீழே இறங்கிப் போனார். கொஞ்ச நேரத்தில் வேர்த்து வழிய, ஒரு பழுப்புப் பூனையை நெஞ்சோடு அணைத்தபடி வந்தார்.

"பாத்தீங்களா! என் குரலைக் கேட்டதும் ஓடி வந்துடுச்சு."

எல்லாரும் கைதட்டினார்கள். அன்றுதான் முதல்முறையாகப் பூனையை மடியில் வைத்துக்கொண்டார். படம் எடுக்கச் சொன்னார். "இந்தக் கண்ணைப் பாருங்க. ரோட்டுப் பூனைக்கு வருமா இது?"

அதன் இடது காதைப் பார்த்தேன். நுனி நேராக வெட்டப்பட்டிருந்தது. கருத்தடை செய்த தெருப்பூனைகளுக்கு இங்கே போடும் அடையாளம் அது. ராத்தாவும் பார்த்துவிட்டாள். அவள் வாயைத் திறப்பதற்குள், எதிர்வீட்டு மலாய் அம்மா வாசலில் வந்து நின்றார். அவர் கையில் எங்கள் பூனை. அவர் வீட்டு அடுப்படியில் தூங்கிக்கொண்டிருந்ததாம்.

யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லாருமே சிரித்தார்கள். மச்சான் மடியிலிருந்ததைத் தரையில் தள்ளிவிட்டுக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

"எனக்கு அப்பவே டவுட்டு லா. முதல்ல இதைக் கீழ கொண்டுபோய் விடுங்க, வீடே அசிங்கமாப் போச்சு."

ராத்தா அவரை எதிர்த்துப் பேசி நான் கேட்டதில்லை. அன்று கேட்டேன். "இவ்வளவு நேரம் கொஞ்சினீங்களே, அப்ப அசிங்கமா இல்லையா? பெருநாள் அன்னைக்கு வீட்டுக்கு வந்த உசிரு. சாப்பிட்டுட்டுத்தான் போகும்."

கறித்துண்டுகளை மசாலா போகக் கழுவிப் போட்டாள். அது தலைநிமிராமல் தின்றது. நான் கீழே போய், அதை நான் வளர்க்கட்டுமா என்று தீனி வைக்கும் சீனப் பெண்மணியிடம் கேட்டேன். அவர் சந்தோஷமாகத் தலையாட்டினார். ஓர் அட்டைப்பெட்டியில் அதை வைத்துச் சுவா சூ காங்கில் இருக்கும் என் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். சோபாவைக் கிழிக்கிறது, விருந்தாளி யாரையும் மதிப்பதில்லை.

மச்சான் அதன் பிறகு என் வீட்டுப் பக்கம் வரவில்லை. எனக்கு அதில் ஒரு நஷ்டமும் இல்லை.