ஒட்டந்துறையில் விட்ட மாலை

பாப்பாரப்பட்டி சந்தைக்குப் பின்னால் தையல் கடை வைத்திருக்கும் சுகுணா, எதிரே வருகிறவர் முகத்தைப் பார்ப்பதற்கு முன் அவர் போட்டிருக்கும் துணியின் தையலைப் பார்த்துவிடுவாள். பார்த்ததை வெளியே சொல்ல மாட்டாள், அது வேறு விஷயம். புருஷன் லாரியில் அடிபட்டுச் செத்தபோது மகள் ஐஸ்வர்யாவுக்கு ஒன்பது வயது. அதிலிருந்து பதினான்கு வருஷமாக நல்ல காரியம் நடக்கும் இடத்தில் இரண்டடி தள்ளி நின்றே பழகிவிட்டாள். யாராவது தள்ளி நிற்கச் சொல்வதற்கு முன் தானே நின்றுகொண்டால் மரியாதையாவது மிஞ்சும் என்பது அவள் எண்ணம். போன வைகாசியில் மகள் கழுத்தில் தாலி ஏறியதைக்கூட மண்டபத்துத் தூணுக்குப் பின்னால் இருந்துதான் பார்த்தாள். பெற்றவளுக்கு நம் ஊர் ஒதுக்கியிருக்கும் இடம் அவ்வளவுதான்.

ஆடி பிறந்ததும் வழக்கப்படி மகளைத் தாய்வீட்டுக்கு அழைத்து வந்தாள். பதினெட்டாம் பெருக்கு அன்று புதுப்பெண்ணுக்குத் தாலிக்கயிறு மாற்றி, எடுத்து வைத்த கல்யாண மாலையைத் தண்ணீரில் விட வேண்டும். அதற்காக மாப்பிள்ளை பூவரசனும் அவன் அம்மா கோவிந்தம்மாளும் அரூரிலிருந்து வாடகைக் காரில் வந்து இறங்கினார்கள். ஒகேனக்கல்லில் வெள்ளம், குளிக்கவும் பரிசல் ஓட்டவும் தடை என்று காலையிலேயே செய்தி வந்துவிட்டது.

“ஒட்டந்துறைக்குப் போயிரலாங்க அத்தை. மேட்டூர் அணைத் தண்ணி அங்க வந்து ஏரியாட்டம் நிக்குது. புதுசா படகுத்துறை கட்டியிருக்காங்க. கூட்டமே இருக்காது” என்றான் பூவரசன்.

கூட்டம் இல்லைதான். அதுதான் சுகுணாவுக்குப் பிடிக்கவில்லை. பெருக்கு நாளில் தண்ணீர்க்கரை ஒன்று இப்படி வெறிச்சோடிக் கிடக்குமா? கடைத்தெருவில் பாதிக்கடை சாத்தியிருந்தது. துறையில் பச்சையும் மஞ்சளுமாகப் பெயின்ட் அடித்த படகுகள் ஏழெட்டு, ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு கயிற்றில் கிடந்தன. செம்மண் நிறத்தில் தண்ணீர் கடைசிப் படியை எப்போதோ முழுங்கிவிட்டு அடுத்ததையும் நனைத்துக்கொண்டிருந்தது. வேரோடு பிடுங்கிய மரம் ஒன்று கரையோரம் ஒதுங்கியிருந்தது. காற்றோ, கட்டிய புடவையை உருவிவிடும் போல வீசியது.

துறையோரம் டீக்கடை வைத்திருந்த அம்மாள் கண்ணாடித் தம்ளரை நீட்டிக்கொண்டே, “நேத்துல இருந்து யாரும் படகு எடுக்கலீங்க” என்றாள். யாரும் கேட்காமலே சொன்னாள்.

படியில் மஞ்சள் பிள்ளையார் பிடித்து வைத்து, காதோலை கருகமணி படைத்து, கோவிந்தம்மாள் மருமகளுக்குப் புதுக்கயிறு மாற்றினாள். சுகுணா காருக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டாள். மகள் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். சுகுணா சிரித்து, நடக்கட்டும் என்று கையைக் காட்டினாள்.

பிறகு பூவரசன் மாலையை வீசினான். நாலு முழம் போன மாலை, காற்றுக்குத் திரும்பி அவன் காலடிக்கே வந்து சேர்ந்தது. மறுபடி வீசினான். மறுபடியும் வந்தது. ஓடுகிற ஆறாக இருந்தால் இழுத்துக்கொண்டு போயிருக்கும். இது தேங்கின தண்ணீர்.

கோவிந்தம்மாள் முகம் கறுத்துவிட்டது. “விட்ட மாலை கரைக்குத் திரும்பக் கூடாதுடா. படகுல போய் நடுவுல உட்டுட்டு வாங்க.”

படகுக்காரர் மாரியப்பன் முதலில் மாட்டேன் என்றார். காற்று அடங்கட்டும் என்றார். நல்ல நேரம் பத்தரையோடு முடிகிறது என்று கோவிந்தம்மாள் பிடித்த பிடியில், “கிட்டத்துல போயிட்டு உடனே திரும்பிரணும்” என்று இறங்கி வந்து, கூரைக்கொட்டகையிலிருந்து லைஃப் ஜாக்கெட்டுகளை வாரிக்கொண்டு வந்து போட்டார்.

அப்போதுதான் சுகுணா கிட்டே போனாள். ஐஸ்வர்யா மாட்டிக்கொண்ட ஜாக்கெட்டின் பெல்ட்டைப் பிடித்ததுமே அவள் விரலுக்குத் தெரிந்துவிட்டது. நைலான் நூல் போட வேண்டிய இடத்தில் ரவிக்கை தைக்கிற சாதாரண நூலைப் போட்டு யாரோ ஒட்டுத்தையல் போட்டிருக்கிறார்கள். வெயிலில் வெந்து நூல் உளுத்துப்போயிருந்தது. நகத்தால் லேசாக நெம்பினாள். நாலு தையல் பொலபொலவென்று விட்டது.

“இந்த பெல்ட்டு…” என்று வாயெடுத்தாள்.

“சம்பந்தி!” என்றாள் கோவிந்தம்மாள். “கயிறு மாத்தின கையோட எதையும் அபசகுனமா பேசிராதீங்க. கொஞ்சம் அந்தாண்ட நில்லுங்க. தப்பா நெனச்சுக்காதீங்க.”

தப்பாக நினைக்க என்ன இருக்கிறது? சுகுணா மகள் தோளிலிருந்து அந்த ஜாக்கெட்டைச் சத்தமில்லாமல் கழற்றிப் படகுப் பலகையில் போட்டாள். வேறொன்றை எடுத்து நாலு பக்கமும் இழுத்துப் பார்த்து, மகளுக்கு மாட்டி, பக்கிளைக் கிளிக்கென்று போட்டுவிட்டாள். மனம் கொஞ்சம் ஆறியது. படியேறித் தள்ளிப் போய் நின்றாள்.

திரும்பிப் பார்த்தபோது பலகையில் கிடந்த ஜாக்கெட்டைப் பூவரசன் மாட்டிக்கொண்டிருந்தான்.

ஒரு வார்த்தை போதும். ‘மாப்பிள்ள, அது வேண்டாம்’ என்றால் முடிந்தது. கோவிந்தம்மாள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். தாலியில்லாதவள் வாயால் சொல்லி நாளைக்கு ஏதாவது ஒன்று ஆனால், சொன்ன வாய்தான் காரணம் என்பார்கள். கிட்டத்தில்தானே போகிறார்கள், ஒன்றும் ஆகாது என்று சுகுணா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மோட்டார் உறுமியது. படகு கிளம்பிவிட்டது.

கூப்பிடு தூரம்தான் போயிருக்கும். பூவரசன் எழுந்து நின்று மாலையை வீசினான். மாலை இந்த முறை போயேவிட்டது. கோவிந்தம்மாள் கும்பிட்டாள். கும்பிட்ட கை இறங்குவதற்குள் காற்று படகைப் பக்கவாட்டில் அடித்துச் சாய்த்தது. பூவரசன் தண்ணீரில் விழுந்தான்.

ஆரஞ்சு ஜாக்கெட் உடனே மேலே வந்தது. அதற்குள் ஆள் இல்லை.

ஐஸ்வர்யாவின் அலறல் கரைவரை கேட்டது. மாரியப்பன் குதித்தார். அவர் தலையும் மறைந்தது. வெற்று ஜாக்கெட் மட்டும் ஆடியாடிக் கரையைப் பார்த்து வந்துகொண்டிருந்தது. சுகுணா முழங்கால் தண்ணீரில் நின்றாள், எப்போது இறங்கினாள் என்று அவளுக்கே தெரியாது. எடுத்துக்கொள்வதானால் என்னை எடுத்துக்கொள் என்று எந்தச் சாமியைக் கேட்டாள் என்பதும் தெரியாது. அவளுக்குத் தெரிந்தது ஒன்றுதான். அவனைக் கொல்ல அவள் ஒன்றுமே செய்ய வேண்டியிருக்கவில்லை. சும்மா நின்றாலே போதுமானதாக இருந்தது.

மாரியப்பன் அவனைத் தலைமுடியைப் பிடித்துத் தூக்கினார். படகில் போட்டு, கரைக்குக் கொண்டுவந்து கவிழ்த்துப் படுக்க வைத்ததும் பூவரசன் செந்தண்ணீரைக் கக்கி இருமினான். மூச்சு வந்தது. கோவிந்தம்மாள் மகனைக் கட்டிக்கொண்டு அழுதாள். “இன்னிக்குக் கட்டின கயிறுதாண்டா உன்ன காப்பாத்துச்சு” என்றாள்.

காற்று ஜாக்கெட்டைப் படியில் கொண்டுவந்து சேர்த்திருந்தது. ஐஸ்வர்யா அதை எடுத்தாள். பத்து வயதிலிருந்து அம்மாவுக்குக் கொக்கி வைத்துக் கொடுத்தவள், தையல் பார்க்கத் தெரியாதவள் அல்ல. அறுந்த பெல்ட்டைப் பார்த்தாள். தான் போட்டிருந்ததைப் பார்த்தாள். நேராக அம்மாவிடம் வந்தாள்.

“இதுதானம்மா மொதல்ல நான் போட்டது? நீதான கழட்டின?”

சுகுணா தலையாட்டினாள்.

“அவரு போட்டத நீ பாக்கலியா?”

பார்க்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். மகளிடம் அவள் பொய் சொன்னதில்லை. “பாத்தேன் கண்ணு” என்றாள்.

ஐஸ்வர்யா கோவிந்தம்மாளிடம் எதையும் சொல்லவில்லை. ஜாக்கெட்டை மாரியப்பன் கையில் கொடுத்துவிட்டுப் புருஷனைத் தாங்கிப் பிடித்துக் காருக்கு நடத்திப்போனாள். பின்சீட்டில் அவன் பக்கத்திலேயே உட்கார்ந்தாள்.

“அத்தை, நான் இன்னிக்கே அரூர் வூட்டுக்கு வந்துர்றேன்.”

“ஆடி முடிய இன்னும் பதினாலு நாள் இருக்குதே சாமி. அதுவரைக்கும் அம்மா வூட்டுலதான இருக்கணும்” என்றாள் கோவிந்தம்மாள்.

“இல்லைங்க அத்தை. வர்றேன்” என்று கதவைச் சாத்தினாள்.

கோவிந்தம்மாள் ஒன்றும் விளங்காமல் சுகுணாவைப் பார்த்தாள். “நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க சம்பந்தி” என்றாள்.