பஸ் அடித்த உளுந்து

பைபாஸில் பஸ் சக்கரத்துக்கு அடியில் நொறுநொறுவென்று சத்தம். யாரோ உளுந்துச் செடியை ரோட்டில் பரப்பியிருந்தார்கள். காய்ந்த செடியின் வாசனை ஜன்னல் வழியே வந்ததும் எங்கள் வீட்டு வாசல் கண்முன் வந்துவிட்டது.

கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவிலிருந்த எங்கள் ஊருக்கு நெடுஞ்சாலைதான் தெரு. பங்குனியில் அவரவர் வாசலுக்கு நேரே உளுந்தைப் பரப்புவோம். எங்கள் செடியைக் கடலூர் போகும் பஸ்கள் மேலே ஏறி, மணி உதிர அடித்துக் கொடுக்கும். எதிர்வீட்டு மேரி அக்காவின் செடியைச் சிதம்பரம் போகும் பஸ்கள். எந்த டிரைவராவது ஒதுங்கிப் போனால் அம்மாவுக்குக் கோபம் வந்துவிடும்.

"இன்னாப்பா, ஏத்திக்கினு போனா தேஞ்சா போயிடுவ?"

பைபாஸ் திறந்த வருஷமும் பழக்கத்தில் பரப்பிவிட்டோம். பொழுது சாயும்வரை ஒரு சைக்கிளும் சில ஆடுகளும்தான் வந்தன. கடைசியில் மேரி அக்கா கையில் தடியோடு, இப்படி அப்படித் திரும்பாமல் நேராக ரோட்டைத் தாண்டி வந்தார்.

"என்னா மேரி, ரோட்ட பாக்காம வர்ற?" என்று பதறினாள் அம்மா.

"பாக்க இன்னாக்கா இருக்குது. வா, நாமளே அடிச்சிக்கலாம்."

பைபாஸில் இன்னொரு இடத்திலும் செடி கிடந்தது. டிரைவர் ஸ்டியரிங்கைத் திருப்பப் போனார்.

"ஏத்திக்கினே போங்கண்ணே" என்றேன்.