வைஃபை பெட்டியும் அக்காவின் முகமும்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. அஞ்சாவதோடு படிப்பு நின்றது. இப்போது மறதியும் சேர்ந்துகொண்டது. பொறுத்துக்கொள்ளுங்கள். சின்ன வயதில் நடந்ததை எழுதச் சொன்னீர்கள். எனக்கு நடந்தது ஒன்றுதான். சிலோன் தோட்டத்திலிருந்து எங்களைக் கப்பலேற்றியபோது, கல்யாணமாகியிருந்த அக்கா அங்கேயே நின்றுவிட்டாள். அந்தக் கதையின் மீதி எனக்கு ஐம்பது வயது தாண்டித்தான் நடந்தது. அன்றைக்கும் சின்னப்பிள்ளை மாதிரிதான் நடந்துகொண்டேன், அதனால் அதையே எழுதுகிறேன்.

அப்போது கொடைக்கானலில் மகள் வீட்டில் இருந்தேன். கீழே மாப்பிள்ளையின் பிரௌசிங் சென்டர், மாடியில் வீடு. எங்கள் பக்கத்தில் மாமியார் மருமகனுக்கு எதிரே உட்காருவதில்லை, நேரே பேசுவதும் இல்லை. அவர் வந்தால் நான் அடுப்படிக் கதவுக்குப் பின்னால் போய்விடுவேன். காபி வேண்டுமா என்பதைக்கூட மகள் மூலமாகத்தான் கேட்பேன்.

அக்காவைக் கம்ப்யூட்டரில் காட்டுவதற்காக மாப்பிள்ளை ஒரு புது வைஃபை பெட்டி வாங்கி வந்தார். கடையில் இருந்த பழைய பெட்டியிலிருந்து ஒயரை ஜன்னல் வழியாக மேலே இழுத்து, புதுப் பெட்டியில் வேறு நிறத்தில் தனியாக இருந்த ஓட்டையில் சொருகினார். பச்சை விளக்குகள் எரிந்தன. பதினோரு மணிக்கு அக்கா அங்கே சிலோனில், ஹட்டன் ஊரில் ஒரு கடைக்கு வந்து உட்காருவதாக ஏற்பாடு.

அவர் கீழே போனதும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அக்கா இந்த வீட்டைப் பார்ப்பாளே! மேசையைத் துடைத்தேன், பெட்டியையும் துடைத்தேன். இடைஞ்சலாக இருந்த ஒயரைப் பிடுங்கி, மறுபடி சொருகும்போது வரிசையாக இருந்த நாலு ஓட்டையில் ஒன்றில் சொருகினேன். விளக்கு எரிந்தது. இதுதான் பாந்தமாக இருக்கிறது என்றுகூட நினைத்துக்கொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் கீழே கூச்சல். "அண்ணே, டிக்கெட்டு போட்டுக்கிட்டு இருக்கேன், நெட்டு போச்சே!" கடை முழுக்க நின்றுவிட்டது. தப்பான ஓட்டையில் போட்டால் ரெண்டு பெட்டியும் ஒரே கடைக்கு நாட்டாமை பண்ணுமாம், மகள் பிற்பாடு சொன்னாள். மாப்பிள்ளை மேலும் கீழும் ஓடினார். பெட்டிகளை அணைத்துப் போட்டார். மணி பதினொன்றைத் தாண்டியது. அந்தக் குளிரிலும் கதவுக்குப் பின்னால் எனக்கு வியர்த்தது. மகளைக் கூப்பிட்டுக் காதில் சொன்னேன். அவள் அதைக் காதோடு வைத்துக்கொள்ளக் கூடாதா?

"என்னங்க, இது ஒங்க மாமியா சோலிதான்! தொடச்சுப்புட்டு மாத்திச் சொருகிருக்காங்க!"

கீழே கடையே சிரித்தது. மாப்பிள்ளை சிரிக்கவில்லை. சுவரைப் பார்த்து, "இருக்கட்டும், எல்லா ஓட்டையும் ஒண்ணு போலத்தான இருக்கு" என்றார். மாற்றிச் சொருகினார். நெட் வந்தது.

நல்லவேளை, அக்கா எழுந்து போகவில்லை. திரையில் ஒரு நரைத்த தலை தெரிந்தது. "எங்க தம்பி என் தங்கச்சி? அவள வரச் சொல்லுங்க."

நாற்காலியில் மாப்பிள்ளை இருந்தார். பக்கத்தில் ஒரு ஸ்டூல். அதில் நான் எப்படிப் போய் உட்கார? அதுவும் இந்தக் கூத்துக்குப் பிறகு?

"வெரசா வாம்மா, பெரியம்மா காத்துக் கெடக்கு!" என்று மகள் இழுத்தாள். நான் கதவை விடவில்லை.

மாப்பிள்ளை எழுந்தார். "ஒயரு லூசா கெடக்கு. நான் வெளிய போயிப் பிடிச்சுக்கிர்றேன், அவங்களப் பேசச் சொல்லு" என்று மகளிடம் சொல்லிவிட்டுப் படியிறங்கினார். ஸ்வெட்டர்கூட எடுக்கவில்லை.

நான் உட்கார்ந்தேன். அக்கா உற்றுப் பார்த்தாள். "நம்ம அம்மா கணக்கா ஆயிட்டியேடி" என்றாள். இரண்டு பேரும் அழுதோம். ஆனால் என் கண் ஜன்னலுக்கே போனது. வெளியே பனிமூட்டத்தில், இரண்டு கையையும் கக்கத்தில் வைத்துக்கொண்டு மாப்பிள்ளை நின்றிருந்தார். என்னால்தானே இந்த மனிதர் ஒயரைப் பிடித்துக்கொண்டு குளிரில் நிற்கிறார் என்று வெட்கம் பிடுங்கித் தின்றது. அவர் நிற்கிறாரே என்று பேச்சைப் பாதியில் முடித்தேன். "அதுக்குள்ளயா?" என்றாள் அக்கா. பிறகு அவளை நான் பார்க்கவில்லை.

அவள் போய்ச் சேர்ந்த பிறகு ஒருநாள்தான் தோன்றியது: கை இரண்டும் கக்கத்தில் இருந்தால், ஒயரை எதால் பிடித்திருப்பார்?

அந்தத் தனி ஓட்டை நீலமா மஞ்சளா என்பது மறந்துவிட்டது. யாராவது என் மகளிடம் கேட்டுச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். மாப்பிள்ளையிடம் நான் இன்னும் நேரே பேசியதில்லை.