ஒரு முழப் புளியமரம்

தையலம்மாள் விளக்குமாற்றிலிருந்து ஒரு பிடி ஈர்க்குச்சியை உருவிக் கயிற்றால் கட்டி மரத்தில் மாட்டினாள். அது நின்றது. செருப்பை எங்கே கட்டுவது என்றுதான் தெரியவில்லை. மரமே ஒரு முழம். செருப்பு அதில் பாதிக்கு மேல் இருந்தது.

காய்க்காத மரத்துக்குப் பாகூர்ப் பக்கத்தில் செய்வது இதுதான். பழைய விளக்குமாறும் பிய்ந்த செருப்பும் கட்டித் தொங்கவிட்டு நாலு வார்த்தை திட்டுவார்கள். மரம் வெட்கப்பட்டு அடுத்த பருவத்தில் காய்க்கும். தையலம்மாள் பிறந்த ஏம்பலத்தில் ஒரு மாமரம் அப்படிக் காய்த்ததை அவளே பார்த்திருக்கிறாள். அந்த மரத்தைக் கட்டிப்பிடிக்க இரண்டு ஆள் வேண்டும். இதைச் சட்டியோடு இடுப்பில் வைத்துக்கொண்டு நடக்கலாம். ஆனாலும் இதுவும் புளியமரம்தானே.

கயிற்றைச் செருப்பு வாரில் கோத்துக் கீழ்க்கிளையில் முடிந்தாள்.

"பூக்க மாட்டே, காய்க்க மாட்டே. இன்னாத்துக்குடி இருக்கே" என்றாள், தனக்கே கேட்காத குரலில்.

செருப்பிலிருந்து கையை எடுத்தாள். கிளை ஒடிந்தது. முருங்கைக்காயை முறிக்கும்போது வருகிற அளவுக்குத்தான் சத்தம்.

மரம் அவள் புருஷன் கண்ணையனுடையது. கல்யாணமான மறுவருஷமே அவர் சைகோனுக்குக் கப்பல் ஏறினார். அங்கே ஒரு சீன வியாபாரியின் வீட்டில் காவல் வேலை. பல வருஷம் கழித்துத்தான் திரும்பினார். சைகோனிலிருந்து வந்தவர்கள் பட்டும் கிராமபோனும் கொண்டுவந்தார்கள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாகப் போனவர்களுக்குப் பென்ஷன் வந்தது. கண்ணையன் கொண்டுவந்தது ஒரு சின்னக் கத்தரி, காலில் ஒரு ஜோடி செருப்பு. அந்த வியாபாரியின் முற்றத்தில், தட்டு மாதிரியான தொட்டிகளில், வியாபாரியின் அப்பாவைவிட வயதான மரங்கள் இருந்தனவாம். முழங்கால் உயரம்கூட இல்லையாம். தோட்டக்காரக் கிழவன் செய்வதைப் பார்த்துப் பார்த்து இவரும் கற்றுக்கொண்டாராம். ஊரில் யாரும் நம்பவில்லை.

வந்த ஆடியிலேயே புளியங்கொட்டைகளை ஊறவைத்து உடைந்த பானையில் போட்டார். அநேகமாக எல்லாமே முளைத்தன. நேராக வந்ததையெல்லாம் பிடுங்கி எறிந்துவிட்டு, ஓட்டாஞ்சில்லில் முட்டி வளைந்து வந்த ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டார். அது ஒரு சாண் ஆனதும் பிடுங்கி ஆணிவேரை வெட்டினார். செத்துப்போகும் என்றாள் தையலம்மாள். சாகாது, வளராது, அவ்வளவுதான் என்றார். வில்லியனூர்க் குயவரிடம் சொல்லி ஆழமில்லாத சட்டி ஒன்று செய்யவைத்து, அடியில் ஓட்டை போட்டு வாங்கி வந்தார். தண்ணீர் நிற்காத சட்டி எதற்கு என்று குயவர் கேட்டாராம். ஏரி வண்டலும் செங்கல் தூளும் கலந்து மரத்தை அதில் நட்டார். கிளைகளை வாழைநாரால் இழுத்துக் கட்டி வளைத்தார். கரும்புக்குத் தண்ணீர் கட்டிவிட்டு வந்தால் கிணற்றடியில் அதன் முன்னால் உட்கார்ந்து துளிரைக் கிள்ளுவார்.

தண்ணீர் தெளிப்பது தையலம்மாளின் வேலை. முதலில் அவளுக்கு அதைப் பிடிக்கவில்லை, பட்டினி போட்டு வளர்க்கிற பிள்ளை மாதிரி இருந்தது. பிறகு ஒருநாள் பொழுது சாயும் நேரத்தில், ரோட்டோரப் புளியமரங்கள் போலவே அதுவும் இலைகளை மூடிக்கொள்வதைப் பார்த்தாள். பட்டை கறுத்து வெடித்தது. அடிமரம் தடித்தது. பெரிய மரம் எதைச் செய்யுமோ அதையெல்லாம் இதுவும் செய்தது, காய்ப்பதைத் தவிர.

அவளுக்கும் பிள்ளையில்லை. புருஷன் சைகோனில் இருந்த வருஷங்களையும் ஊர் அவள் குறையாகவே எடுத்துக்கொண்டது. அவர் திரும்பிய பிறகு மாமியார் சொன்ன கோயிலெல்லாம் போனாள், வெறும் தரையில் சோறு போட்டுச் சாப்பிட்டாள். வேப்பிலைச் சாறு குடித்தாள். யார் யாரோ திட்டினார்கள், மாமியார் செத்த பிறகு திட்டும் கொஞ்சம் குறைந்தது.

செருப்பைக் கட்டியதற்கு முந்தின நாள், அதே தெரு மணியம்மாள் வீட்டில் மருமகளுக்கு வளைகாப்பு. கூட்டத்தில் ஒருத்தியாகத் தையலம்மாளும் ஒரு ஜோடி வளையலைக் கையில் எடுத்தாள். கொழுந்தன் பெண்டாட்டி வேலம்மாள் அதை மெதுவாக வாங்கிக்கொண்டாள்.

"அக்கா, நீ செத்த நவுந்துக்கோ. உங்க வூட்டுல மரங்கூட காய்க்கல."

பெண்கள் சிரித்தார்கள். தையலம்மாளும் சிரித்தாள். வீட்டுக்கு வந்து அடுப்பு மூட்டும்போதும் அந்தச் சிரிப்பு முகத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. தனக்கு இனிமேல் ஆகாது. மரம் காய்க்கலாம். ஒரே ஒரு காய், சுண்டுவிரல் அளவு வந்தால் போதும், வேலம்மாளைக் கூப்பிட்டுக் காட்டிவிடலாம் என்று நினைத்தாள்.

இப்போது ஒடிந்த கிளையைக் கையில் வைத்துக்கொண்டு கிணற்றடியில் உட்கார்ந்திருந்தாள். திட்டினால் காய்க்கும் என்றால் நான் எத்தனையோ முறை காய்த்திருக்க வேண்டும் என்று அப்போதுதான் தோன்றியது.

உச்சிக்குக் கண்ணையன் வந்தார். மரத்தையும் செருப்பையும் பார்த்தார். முதலில் ஒடிந்த கிளையிலிருந்து செருப்பை அவிழ்த்தார், பிறகு மரத்திலிருந்து ஈர்க்குச்சிகளை.

"இன்னா தையலு இது?"

"காய்க்கறதுக்கு."

"யாருக்கு காய்க்கணும்?"

வளைகாப்பில் நடந்ததைச் சொன்னாள். அழாமல் சொன்னாள். இதற்கு முன்பு நடந்தவற்றையும் சேர்த்துச் சொன்னாள். அவர் களிமண்ணும் சாணமும் பிசைந்து, முறிந்த இடத்தில் பூசிக்கொண்டே கேட்டார். பூசி முடித்த பிறகும் விரலை எடுக்கவில்லை.

"அது பூக்காம இல்ல" என்றார். "மூணு வருசமா பூக்குது. நான்தான் மொக்கிலயே கிள்ளிப் போட்டுர்றேன்."

அவள் அவரைப் பார்த்தாள்.

காய் பிடித்தால் கிளை நோஞ்சானாகிவிடும் என்று சைகோன் கிழவன் சொல்லியிருந்தானாம். சிவந்த மொக்குகளைத் துளிரோடு துளிராகக் கிள்ளி விடுவாராம். அவளிடம் சொல்லவேண்டிய விஷயமாக அவருக்குப் படவில்லை. வைகாசிதோறும் மரத்தடியில் கிடந்ததைப் பெருக்கி எருக்குழியில் கொட்டியது தையலம்மாள்தான். அது பூ என்று அவளுக்குத் தெரியாது.

அவள் ஒடிந்த கிளையைக் கீழே வைத்தாள். பேசுவதற்கு நிறைய இருந்தது போலவும், எல்லாம் மரத்தைப் பற்றியது இல்லை போலவும் இருந்தது. அவருக்கும் அது புரிந்திருக்க வேண்டும். கையைக் கழுவாமல் உட்கார்ந்திருந்தார்.

கடைசியில் அவள் மரத்தின் பக்கம் குனிந்தாள். மேல்கிளை நுனியில் எள்ளளவு சிவப்பாக ஏதோ இருந்தது.

"இதுவா?"

"அதான்."

"இந்த வருசம் கிள்ள வேணாம்."

"கிளை தாங்காது தையலு."

"தாங்குதா இல்லியான்னு அது சொல்லட்டும். நீ சொல்லாத."

இத்தனை வருஷத்தில் அவள் அவரை அப்படி அதட்டியதில்லை. அவர் தலையை ஆட்டினார். கத்தரியைத் துணியில் சுற்றி அவள் கையில் கொடுத்தார். அவள் அதை அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்தாள்.

மறுநாள் வெயில் அதிகம். கண்ணையன் கரும்புக்குத் தண்ணீர் கட்டிவிட்டு வந்து, கூழ் குடித்துவிட்டுப் படுத்தார். வேலம்மாள் மோர் கேட்டு வந்தாள். தையலம்மாள் செம்பில் ஊற்றிக் கொடுத்தாள். மரத்தை எங்கே காணோம் என்று வேலம்மாள் கேட்டாள். வெயிலுக்காக வேப்பமர நிழலில் வைத்திருப்பதாகத் தையலம்மாள் சொன்னாள். வேலம்மாள் போன பிறகு பிய்ந்த செருப்பை எருக்குழியில் போட்டாள். ஈர்க்குச்சிகளைத் திரும்ப விளக்குமாற்றில் சொருகினாள். சாயங்காலம் மரத்துக்கு இரண்டு கை தண்ணீர் தெளித்தாள். அன்று மரத்தடியில் பெருக்க ஒன்றும் இல்லை.